டிராப் ஏ-வில் ஜென்ட் டோன் கொழகொழவென்று வருகிறது: தவறு எங்கே?

கீழ்ஸ்தாயி கேட்டது:

வணக்கம். ஜென்ட் (கீழே இறக்கி டியூன் செய்த கிட்டாரில் வெட்டி வெட்டி அடிக்கும் மெட்டல் பாணி) வாசிக்கப் பார்க்கிறேன். 6 ஸ்ட்ரிங் கிட்டார், 25.5 இன்ச் ஸ்கேல், அசையாத பிரிட்ஜ், பிரிட்ஜ் பக்கம் செராமிக் ஹம்பக்கர். ஸ்ட்ரிங் செட் 10-46 (தடிமன், இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்). டியூனிங் டிராப் ஏ: தடித்த பக்கத்திலிருந்து ஏ, ஈ, ஏ, டி, எஃப் ஷார்ப், பி. அங்கிருந்து ஆடியோ இண்டர்ஃபேஸ், பிறகு லேப்டாப்பில் 5150 போலச் செய்த ஆம்ப் பிளக்-இன். கெய்ன் 8, பேஸ் 7, மிட் 3, ட்ரெபிள் 7. வி30 ஸ்பீக்கரின் கேபினெட் ஐ.ஆர். (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கோப்பு) ஒன்று.

மூன்று சிக்கல்கள்.

கீழ் ஸ்ட்ரிங்கை பாம் மியூட் செய்தால் (உள்ளங்கையால் அமுக்கி அடித்தால்) "ஜென்" என்று வெட்டாமல் "பூம்" என்று வீங்குகிறது.

அடிகளுக்கு நடுவே அமைதி கிடைப்பதில்லை. நாய்ஸ் கேட்டை (சத்தம் குறைந்ததும் ஒலியை மூடும் கருவி) ஏற்றினால் அமைதி வருகிறது, ஆனால் நீண்ட நோட்டெல்லாம் பாதியில் அறுந்துவிடுகிறது.

இடமும் வலமும் பிரித்து வைத்தும் அகலம் இல்லை. ஒரே டேக்கை காப்பி எடுத்து 15 மில்லி செகண்ட் தள்ளி வைத்திருக்கிறேன்.

கூடவே ஒரு வரலாற்றுக் கேள்வி. இந்த சவுண்டை ஆரம்பித்த குழு மெஷுகாவா, பெரிஃபரியா? இரண்டு பேர் டோனும் ஒன்று போலவே இல்லையே, எதை அளவுகோலாக வைப்பது?

எட்டாம்தந்தி எழுதியது:

ஆம்ப் பக்கம் இப்போது போகவே வேண்டாம். முதல் தவறு ஸ்ட்ரிங்கில்.

46 ஸ்ட்ரிங்கை 25.5 இன்ச் கிட்டாரில் வழக்கமான ஈ-க்கு, அதாவது 82.4 ஹெர்ட்ஸுக்கு முறுக்கினால் இழுவிசை சுமார் 17.5 பவுண்டு இருக்கும். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கப்படி மாறும். நீங்கள் வைத்திருக்கும் ஏ 55 ஹெர்ட்ஸ், ஈ-யில் மூன்றில் இரண்டு பங்கு. வர்க்கம் எடுத்தால் ஒன்பதில் நான்கு. ஆக மிஞ்சுவது 8 பவுண்டுக்கும் குறைவு. அந்த ஸ்ட்ரிங் துணி காயப்போடும் கொடிபோலத் தொங்கும். பிக் பட்ட கணத்தில் சுருதி மேலே எகிறி, பிறகு மெல்ல இறங்கி இடத்துக்கு வரும். உங்கள் காதில் "பூம்" என்று விழுவதில் பாதி இந்த இறக்கம்தான். எந்த ஈக்யூவாலும் அதைத் திருத்த முடியாது.

அதே இழுவிசை வேண்டுமென்றால் கணக்கு எளிது: பழைய தடிமன் × பழைய அதிர்வெண் ÷ புதிய அதிர்வெண். 46 × 82.4 ÷ 55 = 69. கடையில் 68 அல்லது 70 கேளுங்கள்.

மற்ற ஐந்து ஸ்ட்ரிங்குக்கும் தனித்தனியாக அலைய வேண்டாம். 10-62 என்று வரும் 7 ஸ்ட்ரிங் செட்டில் 10, 13, 17, 26, 36, 46, 62 இருக்கும். அதில் 10-ஐ எடுத்து வைத்துவிட்டால் மீதி ஆறும் உங்கள் டியூனிங்குக்கு அப்படியே பொருந்தும். 62-க்கு ஏ-வில் 14 பவுண்டு வரும். தொடங்குவதற்கு அது போதும். கையில் வேகம் கூடியதும் கடைசி ஒன்றை மட்டும் 68 ஆக்குங்கள்.

போடும்போது கவனிக்க வேண்டியவை:

46-க்கு வெட்டிய நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு) பள்ளத்தில் 62 இறங்காது, மேலேயே உட்காரும். முதல் ஃப்ரெட்டில் சுருதி ஏறும். டியூன் செய்யும்போது "டிக், டிக்" என்று சிக்கிச் சிக்கி நகரும். நட் ஃபைல் வைத்துப் பக்கவாட்டில் மட்டும் அகலமாக்க வேண்டும். ஆழத்தைத் தொடாதீர்கள். ஆழம் கூடினால் திறந்த ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் உரசும், நட்டையே மாற்ற வேண்டியதாகிவிடும்.

தடித்த ஸ்ட்ரிங்குக்கு இன்டனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி பொருந்துவது) சரியாக சேடில் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் அமரும் துண்டு) வெகுதூரம் பின்னால் போகணும். திருகு கடைசிவரை போயும் 12-ஆம் ஃப்ரெட் நோட் ஏற்றமாகவே இருந்தால் சேடிலுக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள், இரண்டு மூன்று மி.மீ. இடம் கிடைக்கும்.

நெக் ரிலீஃப் (கழுத்தின் லேசான வளைவு) 7-ஆம் ஃப்ரெட்டில் 0.2 முதல் 0.25 மி.மீ., 12-ஆம் ஃப்ரெட்டில் கீழ் ஸ்ட்ரிங் உயரம் 1.8 முதல் 2 மி.மீ. இதற்குக் கீழே போனால் அடி நோட்டின் உயிர் போய்விடும். கொஞ்சம் ஃப்ரெட் உரசல் இருந்தால் பயப்படாதீர்கள். இந்த டோனில் கேட்கும் உலோகச் சத்தத்தில் ஒரு பங்கு அந்த உரசல்தான்.

டியூன் செய்யும்போது மெதுவாகத் தட்டி டியூன் செய்யாதீர்கள். பாட்டில் அடிக்கும் அதே வேகத்தில் அடித்து முள்ளைப் பாருங்கள்.

இன்னும் கீழே, எஃப் ஷார்ப்புக்கு (46.25 ஹெர்ட்ஸ்) போக ஆசை வந்தால் தடிமனை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது தீர்வல்ல. குட்டையான ஸ்கேலில் தடித்த ஸ்ட்ரிங் கம்பிபோல விறைப்பாகிவிடும். மேல் ஹார்மோனிக்குகள் இருக்க வேண்டிய இடத்தைவிட ஏறி நிற்கும், ஒலி மங்கும். ஸ்கேலை நீட்டுவதுதான் வழி. 27 இன்ச்சுக்குப் போனாலே அதே ஸ்ட்ரிங்கில் இழுவிசை 12 சதவீதம் கூடும். மெஷுகாவின் பெயரில் ஐபனெஸ் செய்த எம்8எம் கிட்டாரின் ஸ்கேல் 29.4 இன்ச். காரணம் இதுதான்.

மிட்ஸ்_ஏத்து எழுதியது:

ஸ்ட்ரிங் பத்தி அவர் சொன்னது முழுக்கச் சரி. அதை முடிச்சுட்டு ஆம்புக்கு வாங்க. உங்க நாப் எல்லாம் தலைகீழா இருக்கு.

டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி எவ்வளவு பேஸ் உள்ளே போகுதோ, அவ்வளவு கொழகொழப்பு வெளியே வரும். 55 ஹெர்ட்ஸ் நோட்டோட அடிப்பகுதிதான் சிக்னல்ல பெரிய அலை. அது கெய்ன் ஸ்டேஜை முதல்ல நிரப்பிடும். மேலே இருக்கிற பிக் அட்டாக் அந்த அலை மேல சவாரி பண்ணி நசுங்கிப் போகும். அதனால பேஸை ஆம்புக்கு முன்னாடி வெட்டணும், ஆம்புக்குப் பின்னாடி வேணும்ங்கிற அளவு திருப்பிக் கொடுக்கணும். இந்த வரிசை மாறினா எத்தனை ஆயிரம் செலவழிச்சாலும் வராது.

வெட்டற வேலைக்கு ட்யூப் ஸ்கிரீமர் பெடல். டிரைவ் 0, லெவல் முழுசு, டோன் நடுவிலிருந்து கொஞ்சம் மேலே. டிரைவே இல்லாம எதுக்கு டிஸ்டார்ஷன் பெடல்னு கேப்பாங்க. அந்த சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கறதைத்தான் முழுசாப் பெருக்கும், கீழே போகப் போக குறைச்சுக்கிட்டே வரும். டிரைவ் 0-லயும் கிட்டத்தட்ட 12 மடங்கு பெருக்கம் உண்டு. நமக்கு வேண்டியது அந்தச் சரிவுதான்.

ஆம்ப்ல: கெய்ன் 4, பேஸ் 4, மிட் 6, ட்ரெபிள் 5.5, பிரசென்ஸ் 5. முதல்ல தனியாக் கேட்டா ஒல்லியா, மூக்கால பேசற மாதிரி இருக்கும். டிரம்மும் பேஸ் கிட்டாரும் சேர்த்துக் கேளுங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு, பிளக்-இன்னுக்குள்ளேயே கேபினெட் ஆன்ல இருந்து, அதுக்கு மேல நீங்க ஐ.ஆர். வேற போட்டிருந்தா ரெண்டு கேபினெட் வழியாப் போகுது. போர்வைக்குள்ள வாசிச்ச மாதிரி இருக்கும். இதை நிறைய பேர் கவனிக்கிறதில்லை.

கேட் விஷயம். டிஸ்டார்ஷனுக்கு அப்புறம் எல்லாச் சத்தமும் ஒரே உயரத்துக்கு நசுங்கிடும். நோட்டோட வாலும் இரைச்சலும் கேட்டுக்கு ஒண்ணு போலத்தான் தெரியும். அதான் அறுக்குது. கேட்டை சங்கிலியில் முதல் ஆளா, கிட்டாரோட சுத்தமான சிக்னலைப் பார்த்து திறந்து மூடற மாதிரி வைங்க. ஹார்ட்வேர்னா பாஸ் கம்பெனியோட என்எஸ்-2 கேட் பெடல்ல இருக்கற சென்ட், ரிட்டர்ன் இதுக்குத்தான்: காது கிட்டார்ல இருக்கும், கத்தி ஆம்ப்புக்குப் பின்னால இருக்கும். ரிலீஸ் 20 முதல் 40 மில்லி செகண்ட்.

ஆனா கேட் இரைச்சலைத்தான் நிறுத்தும், ஸ்ட்ரிங்கை நிறுத்தாது. நிறுத்த வேண்டியது உங்க கை. வலது உள்ளங்கை பிரிட்ஜ் ஓரத்துலயே இருக்கணும், ஒரு விரல் அகலம் முன்னாடி நகர்ந்தாலே நோட் செத்து "டப்"னு வரும். அடிச்சு முடிச்ச அடுத்த கணம் இடது கை விரல்கள் ஆறு ஸ்ட்ரிங் மேலயும் படுத்துடணும். நட்டுக்கும் டியூனருக்கும் நடுவுல இருக்கற ஸ்ட்ரிங் துண்டு தானா ஒலிக்கும், அங்கே முடிக்குப் போடற துணி ரப்பர் பேண்ட் ஒண்ணை மாட்டுங்க. வித்தியாசம் உடனே கேட்கும்.

பிக் 1.2 மி.மீ.க்குக் குறையாம, வளையாததா இருக்கணும். "ஜென்ட்"ங்கற அந்தச் சத்தம் ஒத்தை நோட்டு இல்லை. டிராப் டியூனிங்ல தடித்த நாலு ஸ்ட்ரிங்கையும் 0-0-0-2 பிடிச்சு, உள்ளங்கையை அழுத்தி, பிரிட்ஜ் பக்கம் ஒரே வெட்டா அடிச்சுப் பாருங்க. ரூட், ஐந்தாம் சுரம், ஆக்டேவ், மறுபடி ஐந்தாம் சுரம். அந்த மேல் ரெண்டு நோட்டும்தான் "ஜெ"ங்கற எழுத்தைக் கொடுக்குது.

காசு செலவு பண்ண வேண்டாம். இக்னைட் ஆம்ப்ஸ் வெளியிட்ட எமிசரி ஆம்ப், நாடிர் ஐ.ஆர். லோடர், அவங்களோட டைரண்ட் ஸ்கிரீமர் மூணும் இலவசம். நியூரல் ஆம்ப் மாடலரும் இலவசம்.

உமியோ_வடக்கு எழுதியது:

வரலாற்றுக்கு வருகிறேன். மெஷுகாவா பெரிஃபரியா என்று கேட்டால் இரண்டும்தான், ஆனால் இரண்டும் ஒரே விஷயத்தைத் தொடங்கவில்லை.

மெஷுகா சுவீடனின் வடக்கே உமியோ நகரத்தில் 1987-இல் உருவான குழு. 1995-இல் வந்த டிஸ்ட்ராய் எரேஸ் இம்ப்ரூவ் ஆல்பத்திலேயே, கீழே நான் விளக்கும் தாள முறை உருவாகிவிட்டது. 2002-இல் வந்த நத்திங்குக்காக 8 ஸ்ட்ரிங் கிட்டார்கள் செய்யச் சொல்லியிருந்தார்கள். அவை பதிவுக்கு ஒத்துழைக்காததால் 7 ஸ்ட்ரிங் கிட்டாரையே இறக்கி டியூன் செய்து வாசித்தார்கள். 2006 மறுவெளியீட்டில் கிட்டார்களை 8 ஸ்ட்ரிங்கில் திரும்பப் பதிந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எட்டாம்தந்தி மேலே எழுதிய இழுவிசைக் கணக்குக்கு இதைவிடத் தெளிவான செவிவழி ஆதாரம் கிடையாது.

"ஜென்ட்" என்பது அந்த பாம் மியூட் சத்தத்தை வாயால் சொல்லிக் காட்டியதில் வந்த சொல். அதைப் பரப்பியவர்கள் இணைய மன்றங்களில் இருந்த ரசிகர்களும் மிஷா மன்சூரும். பெரிஃபரி 2005-இல் அமெரிக்காவில் அவர் தொடங்கிய குழு. முதல் ஆல்பம் 2010-இல்தான் வந்தது. அதற்கு முன்பே பல்ப் என்ற பெயரில் வீட்டிலேயே பதிந்த துண்டுகளை இணையத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தார். இதைச் சாத்தியமாக்கியவை லைன் 6 பாட் போன்ற ஆம்ப் மாடலர்களும் டிரம்கிட் ஃப்ரம் ஹெல் என்ற டிரம் மென்பொருளும். அந்த மென்பொருளில் இருப்பது மெஷுகாவின் டிரம்மர் தோமஸ் ஹாக்கே வாசித்த டிரம்களின் ஒலிதான். 2005-இல் வந்த கேட்ச் தர்ட்டித்ரீயில் மெஷுகாவே அதை வைத்துத்தான் டிரம்மை நிரல் செய்தது. ஆக, படுக்கையறையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு கிட்டாரிஸ்டுக்கு உமியோவின் டிரம் ஒலியே கையில் கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்காமல் ஹைகெய்ன் டோன் பதிய முடிந்ததும் அந்தக் காலத்தில்தான். என் கணிப்பில் இந்த வகையைப் பிரசவித்தது ஒரு குழு அல்ல, இந்தக் கருவிகள்.

மற்ற குழுக்கள்: இங்கிலாந்தில் சிக்த், ஃபெல்சைலன்ட், அங்கிருந்து டெசராக்ட். அமெரிக்காவில் டோசின் அபாசியின் அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ், 2009-இல் வந்த அதன் முதல் ஆல்பத்துக்கும் மன்சூர்தான் தயாரிப்பு. டெல்லியில் தொடங்கிய ஸ்கைஹார்பரின் 2012 ஆல்பத்தில் பாடியவர்களில் ஒருவர் டெசராக்டின் டேனியல் டாம்ப்கின்ஸ். 2023-இல் பெரிஃபரி தன் ஆல்பத்துக்கு வைத்த பெயரே ஜென்ட் ஒரு வகையல்ல என்பதுதான். அதற்கு மேல் அந்தச் சண்டையில் சொல்ல எதுவும் இல்லை.

டோன் வேறுபாடு நீங்கள் சொன்னதுபோல் உண்மை. மெஷுகாவில் மிட் முன்னால் நிற்கும், ஒலி வறண்டிருக்கும், கிட்டாரும் பேஸும் ஒரே இயந்திரம்போல் கேட்கும். பெரிஃபரியில் மேல் ஒலிகள் பளிச்சென்று இருக்கும், கார்டுகள் பிரிந்து கேட்கும், பின்னால் கிளீன் கிட்டார் மிதக்கும். டிராப் ஏ-வில் 6 ஸ்ட்ரிங் வைத்திருக்கும் உங்களுக்கு இரண்டாவது அளவுகோல்தான் பொருந்தும்.

ஆனால் டோன் மட்டும் கிடைத்து தாளம் இல்லையென்றால் அது ஜென்ட் ஆகாது. மெஷுகாவின் கயாஸ்ஸ்பியர் ஆல்பத்தில் உள்ள நியூ மில்லேனியம் சயனைட் கிறைஸ்ட் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டார் 23 மாத்திரை உருவை 5 முறை வாசிக்கிறது: 115. கடைசியில் 13 மாத்திரைத் துண்டு: 128. சிம்பல் அதே நேரத்தில் நாலு நாலாக, 16 மாத்திரைக்கு ஒரு பார் என்று 8 பார் போய்க்கொண்டிருக்கும்: அதுவும் 128. இருவரும் ஒரே இடத்தில் சமத்துக்கு வந்து சேர்வார்கள். நம் கணக்கில் ஆதி தாளம் நான்கு ஆவர்த்தனம். மெஷுகாவுக்கும் நம் தாளத்துக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனால் இதைப் பழக நம்மிடம் சொற்கட்டு இருப்பது பெரிய வசதி.

சிறியதாகத் தொடங்குங்கள். வாயில் தகிட தகதிமி, அதாவது 7. நான்கு முறை சொன்னால் 28. கடைசியில் தனியாக ஒரு தகதிமி: 32, இரண்டு பார் முடிந்தது. காலால் நாலு மாத்திரைக்கு ஒரு தட்டு. ஒவ்வொரு "த"வுக்கும் கீழ் ஸ்ட்ரிங்கில் ஒரு பாம் மியூட், மற்ற எழுத்துகளுக்கு முழு அமைதி. மெட்ரோனோம் 70-இல் கால் தடுமாறாமல் வந்த பிறகுதான் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் கால்தான் கிட்டாரின் பின்னால் ஓடிவிடும். அப்படி ஓடினால் கிட்டாரை வைத்துவிட்டு வாயும் காலும் மட்டும் பழகுங்கள்.

கீழ்ஸ்தாயி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். காப்பி எடுத்துத் தள்ளி வைப்பது ஏன் வேலை செய்யவில்லை? 4 ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் ஒன்று கிடைக்கும், டிராப் ஏ-வுக்கு அது போதுமா?

எட்டாம்தந்தி எழுதியது:

காப்பி எத்தனை எடுத்தாலும் அது ஒரே வாசிப்புதான். 15 மில்லி செகண்ட் தள்ளிய காப்பியை அசலோடு மோனோவில் சேர்த்தால் 33, 100, 167 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். போன் ஸ்பீக்கரில் கிட்டார் பொத்தல் பொத்தலாகக் கேட்கும். ஸ்டீரியோவில் காது முதலில் வந்த பக்கமே சாயும். அகலம் வருவது இரண்டு வாசிப்புக்கு இடையே உள்ள சின்னச் சின்ன வேறுபாட்டில். எனவே இரண்டு முறை வாசியுங்கள், ஒன்றை முழு இடது, ஒன்றை முழு வலது. இரட்டிப்பாகும்போது டிஸ்டார்ஷன் தானே தடிக்கும், அதனால் மேலே சொன்ன 4 கெய்னையும் 3.5 ஆக்கலாம். அட்டாக் இரண்டும் பொருந்தாத இடத்தை எடிட் செய்வதைவிட அந்த இரண்டு பாரைத் திரும்ப வாசிப்பது சீக்கிரம் முடியும்.

பேஸ் பற்றி: 4 ஸ்ட்ரிங் தாராளமாகப் போதும். பேஸின் ஈ ஸ்ட்ரிங்கில் 5-ஆம் ஃப்ரெட் 55 ஹெர்ட்ஸ், உங்கள் கிட்டாரின் திறந்த ஏ-வும் அதே 55. ஒரே ஸ்தாயியில் சேர்ந்து வாசிக்கலாம். ஒரு ஆக்டேவ் கீழே வேண்டுமென்றால்தான் 27.5 ஹெர்ட்ஸ், அதற்கு 5 ஸ்ட்ரிங் பேஸும் 145 தடிமன் ஸ்ட்ரிங்கும் வேண்டும்.

மிட்ஸ்_ஏத்து எழுதியது:

அதோட இதையும் செய்யுங்க. பேஸ் டிராக்கை ரெண்டாக்குங்க. 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒண்ணு: சுத்தமா, நல்லா கம்ப்ரெஸ் பண்ணி. மேலே ஒண்ணு: டிஸ்டார்ஷன் போட்டு. கிட்டாரை 80 ஹெர்ட்ஸ்ல ஹை-பாஸ் பண்ணி (அதுக்குக் கீழே இருக்கறதை வெட்டி) அந்த இடத்தை பேஸுக்கு விட்டுக் கொடுங்க. ஆல்பத்துல "என்ன கிட்டார் டோன்!"னு நாம வியக்கற அந்தக் கனம், உறுமல் ரெண்டும் முக்கால்வாசி அந்த டிஸ்டார்ஷன் போட்ட பேஸ்தான். பேஸ் ஸ்ட்ரிங் பழசா இருந்தா மட்டும் இது வேலை செய்யாது, பதியறதுக்கு முன்னாடி புதுசு மாட்டுங்க.

இத்தனைக்கும் பிறகு பாம் மியூட் வீங்கினா 100-லிருந்து 250 ஹெர்ட்ஸ் வரைக்கும் மட்டும் ஒரு மல்டிபேண்ட் கம்ப்ரெஸர் போட்டு, மியூட் அடிக்கும்போது மட்டும் 3 டெசிபெல் குறையற மாதிரி வைங்க. சாதாரண ஈக்யூவால அதே இடத்தை வெட்டினா திறந்த கார்டும் சேர்ந்து மெலிஞ்சு போகும்.

உமியோ_வடக்கு எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ஹம் 50, 100, 150 என்று விழும். உங்கள் ஏ 55, 110, 165. இவ்வளவு நெருக்கத்தில் இருப்பதால் ஹம்மை ஈக்யூவால் வெட்டினால் நோட்டும் சேர்ந்து அடிபடும். அதை முளையிலேயே நிறுத்த வேண்டும். எர்த் பின் இல்லாத லேப்டாப் சார்ஜர்தான் பெரும்பாலும் காரணம். கிட்டார் டேக் எடுக்கும்போது சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், ஸ்ட்ரிங்கிலிருந்து கையை எடுத்தும் ஹம் ஏறவில்லையா என்று கேட்டுவிட்டு ரெக்கார்டை அழுத்துங்கள்.